ஊசி போடாத மாடு

வெள்ளிக்கிழமை பகலில் வனச்சரகர் என் அலுவலகத்துக்கு வந்து மேஜைமேல் ஒரு வரைபடத்தை விரித்தார். அது சுருண்டுகொண்டே இருந்தது. மூன்று மூலைகளில் என் ஸ்டேப்ளரையும் பசைக்குப்பியையும் டீ டம்ளரையும் வைத்தார். நான்காவதில் தன் தொப்பியைக் கழற்றி வைத்தார்.

"தொப்பி இல்லாம என்னை யாரும் பாத்ததில்ல. உங்களுக்காகத்தான்," என்றார். தலையில் முடி இல்லை.

வரைபடத்தில் பதினொரு சிவப்புப் புள்ளிகள். ஒவ்வொன்றும் கடந்த ஆறு மாதத்தில் காட்டில் செத்துக் கிடந்த ஒரு மான். எல்லாவற்றின் நுரையீரலிலும் காசநோய்க் கட்டிகள் இருந்ததாக ஆய்வகம் சொல்லியிருந்தது.

"இந்தப் பக்கம் அறுபது மான் இருக்கும். வியாழக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு ஆளுங்க துப்பாக்கியோட உள்ள போறாங்க. ரெண்டு நாள்ல முடிச்சிடலாம்."

"எல்லாத்தையுமா?"

"வேற வழி? காட்டு ஓரத்துல பதினாலு பண்ணை இருக்கு. பதினாலையும் நீங்கதான் ரெண்டு தடவை சோதிச்சிருக்கீங்க. ஒரு மாட்டுக்கும் நோய் இல்ல. அப்போ இது மாட்டுலேருந்து போனது இல்ல, மான்கிட்டயே இருக்கறது. நாளைக்கு வேலியைத் தாண்டி மாட்டுக்கு வந்தா அப்புறம் ஊரே என் சட்டையைப் பிடிக்கும்."

பதினொரு புள்ளிகளும் ஒரே இடத்தில் மொய்த்திருந்தன. நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"ஆமா, உங்க மாமனார் பண்ணைக்குப் பின்னாடிதான். மனுஷனுக்கு மச்சம் எங்கயோ இருக்கு. இத்தனை சீக்கு மான் வேலியை உரசிட்டுப் போயும் அவர் மாட்டுக்கு ஒரு தும்மல்கூட இல்ல பாருங்க."

ஒரு தாளை நீட்டினார். பதினான்கு பண்ணைகளும் சுத்தம் என்று நான் உறுதி செய்ய வேண்டும். சுடுவதற்கான உத்தரவு அந்தத் தாளின் பேரில்தான் நிற்கும். கையெழுத்துப் போட்டேன். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டார். வரைபடம் தானாகச் சுருண்டது.

அவர் போன பிறகு மாமாவின் பண்ணைக்கான பதிவேட்டை எடுத்தேன்.

மாடுகளுக்குக் காசநோய் இருக்கிறதா என்று சோதிப்பது என் வேலை. இந்த வட்டாரத்தில் அதற்கு வேறு ஆள் கிடையாது. மாட்டின் கழுத்தில் சிறிது முடியை மழித்து, தோலை மடித்துப் பிடித்து, காலிப்பர் என்ற இடுக்கி அளவியால் தடிமனை அளப்போம். அதே இடத்தில் தோலுக்குள் மருந்து ஏற்றுவோம். சரியாக மூன்று நாள் கழித்து மறுபடி அளப்போம். நான்கு மில்லிமீட்டரோ அதற்கு மேலோ வீங்கியிருந்தால் நோய். ஒரு மாட்டுக்கு இரண்டு எண்கள். அவ்வளவுதான்.

மாமாவிடம் இருபத்திமூன்று மாடுகள். இருபத்திமூன்றாவது வரியில் முதல் சோதனைக்கு ஏழு, ஏழு என்று இருந்தது. ஒரு வருடம் கழித்துச் செய்த இரண்டாவது சோதனைக்கும் ஏழு, ஏழு. மற்ற மாடுகளின் எண்கள் அப்படி இல்லை. ஆறு, ஏழு. எட்டு, எட்டு. ஏழு, ஒன்பது. தோல் அப்படித்தான் இருக்கும். ஒரு வருட இடைவெளியில் நான்கு முறை அளந்து நான்கு முறையும் ஒரே எண் வருவது அரிது. அந்த எண்கள் எந்த மாட்டிலிருந்தும் வந்தவை அல்ல. நான் எழுதியவை.

அது என் மனைவியின் மாடு. முதல் சம்பளத்தில் வாங்கினாள். பண்ணைக்குள் யார் வந்தாலும் கையையும் பையையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வழிவிடும் என்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர் வைத்தாள். அவள் வண்டியில் போனபோது லாரி மோதி இறந்தாள். ஐந்து வாரம் கழித்து முதல் சோதனை வந்தது. இருபத்திரண்டு மாடுகளுக்கு ஊசி போட்டுவிட்டு நிமிர்ந்தேன். அத்தை மேனேஜரைக் கட்டியிருந்த சின்னக் கொட்டகையின் வாசலில் நின்றிருந்தார். "அவளுக்கு மட்டும் வேணாம் மாப்ளை. இன்னிக்கி வேணாம்," என்றார். சரி என்றேன். மூன்றாம் நாள் அந்த வரி காலியாக இருந்தது. காலியாக இருந்தால் கேள்வி வரும். எழுதினேன். அடுத்த வருடம் சின்னக் கொட்டகைப் பக்கம் போகவே இல்லை. முந்தைய வரியைப் பார்த்து எழுதினேன்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஊசியோடு பண்ணைக்குப் போனேன். வியாழன் காலை எட்டுக்கு அளக்கலாம். துப்பாக்கிகள் உள்ளே போவதற்கு எட்டு மணி நேரம் இருக்கும்.

மாமா குழாயைப் பிடித்து மாடுகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்ளை. சோதனைக்கு இன்னும் அஞ்சு மாசம் இருக்கே. தேதி மறந்துபோச்சா, இல்ல உங்க அத்தை போடற டீ ஞாபகம் வந்துடுச்சா?"

"ஒரு மாடு விட்டுப்போச்சு மாமா."

"எது?"

சொன்னேன். இரண்டு தடவையும் விட்டதைச் சொன்னேன். அவர் குழாயைக் கீழே போட்டார். மூடவில்லை. தண்ணீர் என் செருப்பு வரை வந்தது.

"பேப்பர்ல இருக்கே?"

"நானா எழுதினது."

"சரி, எழுதிட்டீங்க. யாருக்குத் தெரியப்போகுது? அது கொட்டகையை விட்டு வெளிய வர்றதில்ல, பால் கறக்கறதில்ல, மத்த மாட்டோட சேர்றதில்ல. கிழவி சும்மா கெடக்கா. எதுக்கு இப்போ குளவிக்கூட்டுல கையை விடறீங்க?"

மத்த மாட்டோட சேர்றதில்ல. அதைத்தான் நான் வெள்ளிக்கிழமையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவி இறந்த பிறகு அத்தை அந்த மாட்டைத் தனியாகப் பின்பக்கச் சின்னக் கொட்டகையில் கட்டினார். அதனால்தான் மற்ற இருபத்திரண்டும் சுத்தமாக இருந்திருக்கலாம்.

கொட்டகையில் அத்தை கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து மாட்டின் தொட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். தொட்டியின் அடியில் மாடு மென்று விட்ட தீவனம், எச்சில் ஊறிக் கூழாக இருந்தது. அதை ஒரு கூடையில் அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய் வேலிக்கு மேலே தூக்கிக் கொட்டினார். அந்தப் பக்கம் ஏற்கெனவே ஒரு மேடு இருந்தது. மேட்டைச் சுற்றி மண் முழுக்கக் குளம்புத் தடங்கள், இரட்டை இரட்டையாக.

"எத்தனை நாளா இப்படிக் கொட்டறீங்க அத்தை?"

"அவ போனதுலேருந்துதான். முன்னாடி அவளே குழி வெட்டிப் போடுவா, எனக்கு முதுகு வளையாது. வீணாவா போகுது? சாயங்காலமானா மானுங்க வரிசையில நிக்குது, ரேஷன் கடை மாதிரி."

பதினொரு புள்ளிகள். அதில் ஒன்று இந்த மேட்டிலிருந்து கல்லெறி தூரம்.

"இவளுக்கு ஊசி போடணும்."

"போட்டாச்சுன்னு இருக்கே பேப்பர்ல," என்றார். பிறகு கூடையைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும் மாப்ளை. ஏழு, ஏழுன்னு போட்டிருந்தீங்க. பாத்தப்போ நீங்க எவ்ளோ நல்ல மனுஷன்னு நினைச்சுக்கிட்டேன்."

"வியாழக்கிழமை மானையெல்லாம் சுடப்போறாங்க."

"எந்த மானை?"

"இங்க வர்றதை. எல்லாத்தையும். மாடெல்லாம் சுத்தம்னு நான் எழுதிக் கொடுத்ததை வச்சு."

அத்தை வேலியைப் பார்த்தார். பிறகு போய் மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தார்.

"குத்துங்க."

முடியை மழித்தேன். தோலை மடித்து அளந்தேன். எட்டு. மருந்தை ஏற்றினேன். மாடு என் பையை மோந்தது, வைத்த கையை எடுக்காமல் நின்றேன். பதிவேட்டில் எட்டு என்று எழுதினேன். அது அந்த மாட்டைப் பற்றி நான் எழுதிய முதல் உண்மையான எண்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அத்தை போன் செய்தார். "தடவிப் பாத்தேன். ஒண்ணும் வீங்கல."

"தடவாதீங்க அத்தை."

புதன்கிழமை மறுபடி. "இன்னிக்கும் ஒண்ணும் இல்ல. நான் தடவல. சும்மா கையை வச்சுப் பாத்தேன்."

மருந்து ஏற்றிய இரண்டாம் நாளே நோயுள்ள மாட்டுக்குத் தெரிந்துவிடும். எலுமிச்சை மாதிரி புடைக்கும். எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். மூன்று இரவும் ஒழுங்காகத் தூங்கினேன். அவள் இறந்த நாளிலிருந்தே நன்றாகத்தான் தூங்குகிறேன்.

வியாழக்கிழமை காலை எட்டு மணி. அத்தை கயிற்றைப் பிடித்தார். மாமா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். மழித்த இடத்தை மடித்து காலிப்பரை வைத்தேன்.

எட்டு.

"இன்னொரு தடவை," என்றார் மாமா.

எட்டுதான்.

"எட்டுதானே? மூணு நாளா வீட்டுல ஒருத்தருக்கும் சோறு இறங்கல. இவ பாட்டுக்கு அசை போட்டுக்கிட்டு நிக்கிறா. டீ போடு போ. மாப்ளைக்குச் சர்க்கரை தூக்கலா. இந்தத் தடவை எட்டு, எட்டுன்னு எழுதிக்கங்க, கணக்குல மூணாவதா ஒரு உண்மையும் இருக்கட்டும்."

அத்தை சிரித்தார். அவள் போன பிறகு அந்தக் கொட்டகையில் யாரோ சிரித்தது அதுதான் முதல் தடவை என்று எனக்குத் தோன்றியது.

பேனாவை எடுத்தேன். மாடு தொட்டியில் குனிந்து தண்ணீர் குடித்தது. நிமிர்ந்து இருமியது. சத்தமில்லாத இருமல், தொண்டைக்கு உள்ளேயே. பிறகு எதையோ விழுங்கியது. அப்போதுதான் அதை முழுசாகப் பார்த்தேன். முதுகெலும்பு கூரை மாதிரி நின்றது. விலாக்கள் எண்ணும்படி இருந்தன. வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். ஒன்பது வயது மாடு கிழவி அல்ல.

"எத்தனை நாளா இருமுது?"

"வைக்கோல் தூசி," என்றார் அத்தை.

"எத்தனை நாளா?"

"போன மழைக் காலத்துலேருந்து."

நோய் நன்றாக முற்றிவிட்டால் மாட்டின் உடம்பு ஊசிக்கு வீங்காது. எதிர்த்து எதிர்த்து அலுத்துப் போயிருக்கும். எதைக் குத்தினாலும் ஒன்றும் காட்டாது. சோதனையில் சுத்தம் என்று வரும். கல்லூரியில் இது இரண்டு மதிப்பெண் கேள்வி. நான் சரியாக எழுதியிருந்தேன்.

அத்தை டீ போடப் போகவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்து எங்கள் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். மாவட்டக் கால்நடை அலுவலகத்தில் என் மேலதிகாரி.

"எட்டு, எட்டுன்னா தேறிடுச்சேப்பா," என்றார். "முன்னாடி என்ன இருந்துச்சு?"

"ஏழு, ஏழு. ரெண்டு தடவையும். அது பொய் மேடம். ஊசியே போடல. நான் எழுதினது."

அறைக் கதவை அவர் சாத்தும் சத்தம் கேட்டது.

"நீ சொன்னது எனக்குச் சரியா காதுல விழல," என்றார் மெதுவாக. "போனை வச்சிடு. பத்து நிமிஷம் கழிச்சுக் கூப்பிடு. அப்போ என்ன சொல்றியோ அதை எடுத்துக்கறேன்."

"வேணாம் மேடம். இப்பவே சொல்றேன். பொய்."

"என்ன ஜென்மம்பா நீ," என்றார். பிறகு அதிகாரியானார். "சந்தேகத்தை வச்சு நான் சுடறதை நிறுத்த முடியாது. சோதனை சுத்தம்னு சொல்லுது. நோய் அந்த மாட்டுலதான் இருக்குன்னு கையில காட்டினா உத்தரவு நிக்காது. மானைச் சுடாம, மாட்டை எடுத்துட்டு வேலியை அடைச்சுக் கண்காணிக்கணும்னு விதி இருக்கு. காட்டணும்னா திறந்து பாக்கணும். தேறின மாட்டைக் கொல்ல எனக்கு அதிகாரம் இல்ல, சொந்தக்காரங்க எழுதிக் கொடுக்கணும். யார் பேர்ல இருக்கு மாடு?"

"என் மனைவி பேர்ல."

"அப்போ நீதானேப்பா."

அதை நான் யோசித்திருக்கவில்லை.

"பதினோரு மணிக்கு வரேன்," என்றார். "உள்ள ஒண்ணும் இல்லன்னா சும்மா ஒரு மாட்டைக் கொன்னதும் ஆச்சு, உன் வேலை போனதும் ஆச்சு, மானும் சாகும். அதையும் யோசிச்சுக்கோ."

உள்ளே வந்து அப்படியே சொன்னேன். மாமா கையிலிருந்த வாளியைத் தரையில் வைத்தார்.

"தேறின மாட்டை வெட்டுவீங்களா? மானுக்காக?"

"ஆமா மாமா."

"அது யாரோட மாடுன்னு தெரியுமா?"

"தெரியும்."

"தெரிஞ்சவன் இப்படிக் கட்டை மாதிரி நிப்பானா? அன்னிக்கி அவளைக் கொண்டுவந்து போட்டப்பவும் இப்படித்தான் நின்னீங்க. வந்தவங்களுக்கெல்லாம் நாற்காலி எடுத்துப் போட்டீங்க. கண்ணுல ஒரு சொட்டு இல்ல. என்ன மனுஷன் நீங்க?"

நாற்காலி எடுத்துப் போட்டது உண்மைதான்.

அத்தை கேட்டார். "திறந்து பாத்து இருந்துச்சுன்னா?"

"மானுங்களை விட்டுடுவாங்க. நம்ம மாடுங்களைப் பூட்டுவாங்க. மறுபடி சோதனை முடியற வரைக்கும் பால் வண்டி வராது. மாசக்கணக்காகலாம்."

"இல்லன்னா?"

"சும்மா கொன்னது."

"ரெண்டுலயும் நமக்கு நல்லது ஒண்ணும் இல்லையே."

"இல்ல அத்தை."

அவர் மாட்டின் நெற்றியில் கையை வைத்தார். மாடு மறுபடி இருமியது. அந்தக் கையிலேயே இருமியது.

"இவ ராத்திரியெல்லாம் இப்படித்தான்," என்றார். "தூசின்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். நீங்க மட்டும்தான் பொய் எழுதினீங்கன்னு நினைக்காதீங்க."

மாமா வெளியே போனார்.

டாக்டரம்மா பதினொன்றரைக்கு வந்தார். காரின் பின்னாலிருந்து ரப்பர் காலணிகள், மேலங்கிகள், முகமூடிகள், கத்திப் பெட்டி. படிவத்தை நீட்டினார். 'உரிமையாளர்' என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். உறவு என்ற கட்டத்தில் கணவர் என்று எழுதினேன்.

அத்தைதான் மாட்டை முற்றத்துக்கு நடத்தி வந்தார். யாரையும் கயிற்றைத் தொட விடவில்லை. டாக்டரம்மா கழுத்து நரம்பில் ஊசியை ஏற்றினார். மாடு முன்கால் மடித்து, பிறகு பக்கவாட்டில் சாய்ந்தது. அத்தை கயிற்றை அவிழ்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

விலாவைத் திறந்தது நான். பன்னிரண்டு ஐம்பது.

வலது நுரையீரலின் முன்பகுதி இளஞ்சிவப்பாக, பஞ்சு மாதிரி இருந்தது. கத்தியால் விரலகலத்துக்கு ஒரு கீறல் போட்டேன். சுத்தம். அடுத்தது. சுத்தம். வேலிப்பக்கம் முதுகைக் காட்டி நின்ற மாமா திரும்பி எங்களைப் பார்த்தார். நடுப்பகுதி. சுத்தம். முகமூடிக்குள் என் மூச்சு எனக்கே சூடாக இருந்தது. இதில் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். அவள் மாட்டில் நோய் இருக்க வேண்டும் என்று. அப்படி விரும்புகிறவனை என்ன சொல்வது என்று தெரியவில்லை.

"இடதைப் பார்," என்றார் டாக்டரம்மா.

இடது நுரையீரலை இழுத்தேன். வரவில்லை. விலா எலும்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையை உள்ளே விட்டுத் தடவினேன். கையுறைக்கு அடியில் கூழாங்கற்கள் மாதிரி. கத்தியை வைத்து அழுத்தினேன். மணலில் இறங்குவதுபோல் நறநறத்தது. பிளந்த இடத்தில் மஞ்சளாக, காய்ந்த சுண்ணாம்பு மாதிரி. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால். பாதி நுரையீரல் அதுதான்.

"போதும்," என்றார் டாக்டரம்மா. போனில் நான்கு படம் எடுத்தார். கையுறையைக் கழற்றிவிட்டு வனச்சரகரை அழைத்தார். தொடர்பு கிடைக்கவில்லை. அவருடைய அலுவலகத்தை அழைத்தார். ஸ்பீக்கரில் ஒரு குரல் சொன்னது எல்லோருக்கும் கேட்டது.

"மழை வர்ற மாதிரி இருக்குன்னு பன்னிரண்டு மணிக்கே கிளம்பிட்டாங்களே மேடம். உள்ள போனா அவங்களுக்கு டவர் கிடைக்காது."

ஒன்று பத்து.

வேலிக்கு அப்பால், எங்கோ உள்ளே, ஒரு வெடிச் சத்தம். பிறகு இன்னொன்று.

டாக்டரம்மா சாவியை எறிந்தார். நான் பிடித்தேன். காரை எடுத்து, பண்ணையைச் சுற்றிப் போகும் மண் தடத்தில் காட்டு வாசலுக்கு ஓட்டினேன். தடுப்புக் கம்பு இறங்கியிருந்தது. இறங்கித் தூக்கிவிட்டு மறுபடி ஏறினேன். மூன்றாவது சத்தம். ஹாரன்மேல் ஒரு கையை வைத்தேன், எடுக்கவே இல்லை. துப்பாக்கி பிடித்த ஆட்கள் புதருக்குள் எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது. அசைவது எதுவும் அவர்களுக்கு மான். ஹாரன் மட்டும்தான் நான் மான் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தது. நான்காவது. அது மிகப் பக்கத்தில். கண்ணாடிக்கு முன்னால் ஒரு பெட்டைமான் குறுக்கே பாய்ந்து மறைந்தது.

வனச்சரகர் மரங்களுக்கு இடையிலிருந்து கையை விரித்துக்கொண்டு வந்தார்.

"யோவ், யாருய்யா அது, கல்யாண ஊர்வலமா நடக்குது? ஹாரனை நிறுத்துய்யா." பிறகு என்னைப் பார்த்தார். மேலங்கியில் நெஞ்சு வரை ரத்தம் இருந்தது. "நீங்களா? என்ன கோலம் இது?"

"நிறுத்தச் சொல்லுங்க. நோய் மாட்டுலேருந்து வந்தது. என் மாமனார் பண்ணை மாடு. இப்பதான் திறந்து பாத்தோம்."

"சுத்தம்னு நீங்கதானே எழுதிக் கொடுத்தீங்க?"

"பொய் எழுதினேன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். இடுப்பிலிருந்த வயர்லெஸ்ஸை எடுத்தார். "எல்லாரும் நிறுத்துங்க. இருக்கற இடத்துலயே நில்லுங்க. ஆமா, நிறுத்துங்கன்னா நிறுத்துங்கதான்."

காட்டில் சத்தம் இல்லாமல் போனது. முதல் தூறல் காரின் கூரையில் விழுந்தது.

"அஞ்சு விழுந்தாச்சு," என்றார் வனச்சரகர். குரலில் கோபம்கூட இல்லை. "அஞ்சாவது சத்தம் உங்க ஹாரன்ல கேட்டிருக்காது. வெள்ளிக்கிழமை உங்க மேஜையில கேட்டேனே. அன்னிக்கே சொல்லியிருந்தா அஞ்சும் இப்போ நடந்துக்கிட்டு இருக்கும்."

"ஆமா," என்றேன்.

"ஆமாவாம்," என்றார்.

பண்ணைக்குத் திரும்பியபோது மாட்டின் மேல் தார்ப்பாயைப் போட்டு மூடியிருந்தார்கள். மழை அதன்மேல் பெய்துகொண்டிருந்தது. கை கால்களை மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டு உள்ளே போனேன். சாப்பாட்டு மேஜையில் டாக்டரம்மா தாள்களைப் பரப்பியிருந்தார். பால் நிறுவனத்துக்குப் போன் செய்தாகிவிட்டது. சாயங்கால வண்டி வராது. அத்தைக்கும் மாமாவுக்கும் எனக்கும் நாளைக்கு நெஞ்சு எக்ஸ்ரே எடுக்க வேண்டும்.

"எத்தனை?" என்று அத்தை கேட்டார்.

"அஞ்சு."

அவர் தலையாட்டினார்.

டாக்டரம்மா ஒரு வெள்ளைத்தாளை என் பக்கம் தள்ளினார். "உன் கைப்பட எழுது. தேதி, மாட்டோட எண், என்ன செய்யல, என்ன எழுதின, எல்லாம்."

எழுதினேன். அத்தை என் தோளருகே நின்று படித்துக்கொண்டே வந்தார்.

"என் பேரையும் போடுங்க. வேணாம்னு சொன்னது நான்."

"நீங்க அதிகாரி இல்லம்மா. உங்க பேரு அதுல தேவையில்ல," என்றார் டாக்டரம்மா.

"தேவையில்லாதது எவ்வளவோ எழுதியாச்சு. என் பேரும் இருந்துட்டுப் போகட்டும்."

எழுதினேன். கடைசியில் ஒன்று மிச்சமிருந்தது. சோதனை செய்யாததற்குக் காரணம். பேனா அங்கேயே நின்றது. வேலைப்பளு என்று எழுதலாம். கவனக்குறைவு என்று எழுதலாம். பலர் அப்படித்தான் எழுதுவார்கள். அலுவலகத்துக்கும் அதுதான் வசதி. மழைச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அது என் மனைவியின் மாடு, என்று எழுதினேன். அவள் இறந்து ஐந்து வாரம் ஆகியிருந்தது. என்னால் அந்தக் கொட்டகைக்குள் போக முடியவில்லை.

கையெழுத்துக் கோணலாக வந்தது. தாளை டாக்டரம்மா பக்கம் தள்ளினேன்.

டாக்டரம்மா தாளைத் திருப்பிப் படித்தார். கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதெல்லாம் காரணம்னு மேல ஏத்துக்க மாட்டாங்கப்பா."

"வேற காரணம் இல்லம்மா," என்றார் அத்தை.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அடியில் தன் கையெழுத்தைப் போட்டார்.

மாமா நனைந்தபடி வாசலில் வந்து நின்றார். கொட்டகையை விட்டுப் போனதிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவர் இப்போதும் பார்க்கவில்லை. டாக்டரம்மாவிடம்தான் பேசினார்.

"மத்த இருபத்திரண்டுக்கும் எப்போ ஊசி?"

"நாளைக்குக் காலையில. வேற ஊர்லேருந்து ஆள் வருவாங்க."

"புது ஆளைக் கண்டா மாடுங்க மிரளும். இவரும் வரட்டும்."

"இவரு இனிமே ஊசியைத் தொடக்கூடாதுங்க. விசாரணை முடியற வரைக்கும் காலிப்பரையும் தொடக்கூடாது."

"ஊசியை யார் தொடச் சொன்னா?" என்றார் மாமா. "கயித்தைப் பிடிச்சுக்கட்டும்."